நவம்பரில் மார்ச் பக்கம்

கார்லெய்ன் கேட்ட முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியது அல்ல.

"இந்தத் தாளை யாரெல்லாம் பாப்பீங்க?"

ஜனவரி மாதம், புதன்கிழமை மதியம். பள்ளிகளுக்கு அரை நாள் என்பதால் கூடம் முழுக்கக் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மழைக்கோட்டைக் கழற்றாமல் கவுண்டருக்கு முன்னால் நின்றாள். ஒரு கையில் பேனா. இன்னொரு கை மகளின் தலைமேல். மகள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தை வளைத்து, பிடிகள் பதித்த பதினொரு மீட்டர் உயர ஏறும் சுவரை அடியிலிருந்து நுனிவரை படித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே பேர்," என்றேன். "நான், அப்புறம் ஃபென்னா. இந்த இடம் அவங்களோடது. பூட்டின அலமாரியில இருக்கும். சாவி அவங்க கழுத்துல."

கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஃபென்னா சட்டைக்குள்ளிருந்து கயிற்றை இழுத்துச் சாவியை ஆட்டிக் காட்டினாள். "குளிக்கும்போதுகூடக் கழட்டறதில்ல. நீச்சல் குளத்துக்கும் இதோடதான். மீனுக்கு மணி கட்டின மாதிரி இருக்குன்னு சிரிக்கிறாங்க."

கார்லெய்ன் சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல ஏத்துவீங்களா?"

"வேண்டாம்னா ஏத்த மாட்டோம்."

"வேண்டாம். முகவரியும் எழுத மாட்டேன்."

"எழுத வேண்டாம். அவசரத்துக்கு ஒரு போன் நம்பர், அப்புறம் பிறந்த தேதி மட்டும் வேணும். இன்சூரன்ஸ்காரங்க கேக்கறாங்க. குழு பிரிக்கிறதும் வயசை வச்சுத்தான்."

அவள் யோசித்தாள். பிறகு எழுதினாள். "ஒருத்தர் எங்களைத் தேடிட்டிருக்காரு. இவளோட அப்பா," என்றாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். "குடும்பப் பேரை மாத்திட்டேன். இவ பேரை மாத்த முடியல. வேற பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறா."

படிவத்தில் ஸ்டெர்ரெ என்று இருந்தது, எங்கள் மொழியில் நட்சத்திரம். மகள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"அந்தச் சிவப்பு வழி யாரு போட்டது?"

"நான்."

"நாலாவது பிடி தப்பான இடத்துல இருக்கு."

"இல்லையே, சரியாத்தான் இருக்கு."

"எனக்கு எட்டு வயசு. ஆறு வயசுல இருந்து ஏறுறேன். தப்பா இருக்கு."

ஃபென்னா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "அரை வக்கீலுக்கு முழு நீதிபதி வந்தாச்சு."

அரை வக்கீல் என்பது நான்தான். குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் சட்டம் படித்துவிட்டுப் பாதியில் விட்டேன். பிறகு மூன்று வருடம் மாவுச்சத்து ஆலையில் இரவு வேலை. உருளைக்கிழங்கு பெல்ட்டில் ஓடும், நான் கல்லைப் பொறுக்கிப் போடுவேன். தூக்கம் கெட்டு, பகலில் மனிதர்களோடு பேசவே மறந்துபோன நேரத்தில் ஃபென்னா என்னைக் கூப்பிட்டாள். ஆள் வராமல் மூடிய ஒரு தேவாலயத்தை அவள் வாங்கி, உள்ளே சுவர் எழுப்பி, ஏறும் கூடமாக மாற்றியிருந்தாள். பிரசங்க மேடையின் மரம்தான் எங்கள் கவுண்டர். வேலை செய்பவர்கள் நாங்கள் இருவர் மட்டும்.

தனிநபர் விவரப் பாதுகாப்பு பற்றி ஏறும் கூடங்களின் சங்கத்திலிருந்து கடிதம் வந்தபோது ஃபென்னா அதை என் பக்கம் தள்ளினாள். "நீதானே ரெண்டு வருஷம் சட்டம் படிச்ச. இப்பவாவது பிரயோஜனப்படட்டும்."

நான் அதை ஒழுங்காகச் செய்தேன். வாழ்க்கையில் நான் தொடங்கி முடித்த ஒரே காரியம் அது. அட்டையும் பேனாவுமாக மூன்று நாள் கூடத்தைச் சுற்றி வந்தேன். எங்கெல்லாம் ஒரு ஆளின் பெயர் இருக்கிறதோ அதையெல்லாம் பட்டியலில் ஏற்றினேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடந்த துண்டுச் சீட்டுகள், காயம்பட்டவர்கள் பதிவேடு, உச்சியைத் தொட்டவர்களின் பெயரை எழுதும் கரும்பலகை, சுவரில் ஒட்டியிருந்த புகைப்படங்கள். கரும்பலகையைத் துடைத்தேன். முகம் தெரிகிற படங்களை எடுத்துவிட்டுப் பிடிகளைப் பற்றியிருக்கும் கைகளின் படங்களை மாட்டினேன். ஒரு நோட்டரி கடையை மூடியபோது விற்ற இரும்பு அலமாரியை வாங்கி வரச் சொன்னேன். தாள் கிழிக்கும் இயந்திரமும் வாங்கினோம். ஃபென்னா முனகினாள், ஆனால் வாங்கினாள்.

"முன்னெல்லாம் இங்க பாவமன்னிப்பு கேட்டாங்க. இப்போ சம்மதக் கையெழுத்து கேக்கறோம்," என்பாள்.

கார்லெய்னின் படிவத்தை நான் தனி உறையில் போட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துகூட ஏற்றவில்லை. ஃபென்னா எப்போதும் செய்வதைச் செய்தாள். புதுக் குழந்தையின் பிறந்தநாளைக் காலண்டரில் குறித்துவிட்டு வந்து உறையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

எங்கள் நாட்டில் பிறந்தநாள் காலண்டர் எங்கே இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கழிப்பறையில்தான். என் அம்மா வீட்டிலும் அங்கேதான், என் அத்தை வீட்டிலும் அங்கேதான். அதில் கிழமை கிடையாது, வருடம் கிடையாது. ஒரு மாதத்துக்கு ஒரு தாள், ஒரு தேதிக்கு ஒரு கோடு, கோட்டில் ஒரு பெயர். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே இருக்கும், அதனால் யாருடைய பிறந்தநாளும் மறக்காது. அதில் பெயர் ஏறினால் நீ அந்த வீட்டு ஆள். அத்தை விவாகரத்து வாங்கியபோது மாமாவின் பெயரை அம்மா வெள்ளை மை தடவி அழித்தாள். வழக்கு முடிந்தது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஃபென்னா பெயரோடு பிறந்த வருடத்தையும் எழுதுவாள், எத்தனை மெழுகுவத்தி வேண்டும் என்று தெரிவதற்காக.

மார்ச் பதினான்காம் தேதி ஸ்டெர்ரெவுக்கு ஒன்பது வயது. ஃபென்னா ஒரு நாற்காலிக்குக் காகித மாலை சுற்றி வைத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் வரிசையாகப் போய் முதலில் குழந்தைக்கும் பிறகு கார்லெய்னுக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னோம். கார்லெய்ன் அன்றுதான் முதன்முதலாக மழைக்கோட்டைக் கழற்றினாள். ஸ்டெர்ரெ காகிதக் கிரீடத்தோடு சிவப்பு வழியில் ஏறி, நாலாவது பிடியில் வழுக்கி, கயிற்றில் தொங்கிக்கொண்டே கத்தினாள்.

"நான் சொன்னேன்ல, யெல்மர்! தப்பா இருக்கு!"

"பிடி சரியாத்தான் இருக்கு. நீதான் குள்ளம்."

"நான் வளருவேன். நீ அப்படியேதான் இருப்ப."

அந்தப் பிடியை நான் மாற்றவில்லை. அக்டோபர் வாக்கில் அவள் கை அதை எட்ட ஆரம்பித்தது. உச்சிக்கு இன்னும் இரண்டு பிடிதான் பாக்கி.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஆள் வந்தான்.

மாலை மூன்றரை இருக்கும். கூடம் காலி. ஃபென்னா செவ்வாய்தோறும் நீச்சலுக்குப் போய்விடுவாள். அவன் வாசலில் நின்று மிதியடியில் இரண்டு ஷூவையும் நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தான். நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். சவரம் செய்த முகம், நல்ல கம்பளிக் கோட்டு. பேச்சு தெற்கத்திப் பேச்சு, மெத்தென்று இருந்தது. கார்லெய்னுடைய பேச்சும் அப்படித்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"இந்தப் பக்கம் குடிவரலாம்னு யோசிக்கிறோம். என் பொண்ணு ஏறுவா. குழந்தைங்களுக்கு எந்த நாள்?"

"புதன், சனி. கதவுலயே ஒட்டியிருக்கே."

"ஆமா, பாத்தேன். அவ வயசுப் பொண்ணுங்க இருக்காங்களா? ஒன்பது வயசு. துணைக்கு ஆள் இல்லன்னா அவளுக்குச் சலிச்சுப்போகும்."

"யார் வர்றாங்க, என்ன வயசு, எதையும் நாங்க வெளியில சொல்றதில்ல சார்."

"பேர் கேக்கலியே. எத்தனை பேர்னுதான்..."

"எண்ணிக்கையும் சொல்றதில்ல. சின்ன ஊரு. எண்ணிக்கை சொன்னாலே ஆளைக் கண்டுபிடிச்சிடலாம்."

அவன் தலையை ஆட்டினான். உண்மையிலேயே மெச்சுகிற மாதிரி ஆட்டினான். "ரொம்ப சரி. நான் போன நாலஞ்சு இடத்துல ஒருத்தரும் இப்படிச் சொல்லல. நல்லா நடத்துறீங்க." சுவரில் இருந்த கைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "முகமே இல்லாம எடுத்திருக்கீங்க. நல்லா இருக்கு."

"நன்றி."

"டாய்லெட் உபயோகிச்சுக்கலாமா?"

"தாராளமா. வலது பக்கம் கடைசிக் கதவு."

நாலைந்து நிமிடம் கழித்து வந்தான். நன்றி சொன்னான். வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். ஃபென்னா வந்ததும் இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். எண்ணிக்கையைக்கூடச் சொல்ல மறுத்ததை எப்படிச் சொல்வது என்று வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துகொண்டேன்.

நாலரைக்கு நான் கழிப்பறைக்குப் போனேன். வாஷ்பேசின் விளிம்பில், கை துடைத்த காகிதம் ஒன்று நாலாக மடித்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. குப்பைத்தொட்டி பக்கத்திலேயே இருந்தது. நான் அதை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

எதிரே மார்ச்.

காலையில் அது நவம்பர். எனக்கு நன்றாகத் தெரியும், பத்தொன்பதாம் தேதி எனக்குப் பிறந்தநாள், காலையில்தான் என் பெயரைப் பார்த்தேன். இப்போது மார்ச் பக்கம் மேலே இருந்தது. பதினான்காம் கோட்டில் ஃபென்னாவின் உருண்டைக் கையெழுத்தில் ஸ்டெர்ரெ. பக்கத்தில் மஞ்சள் பேனாவில் சின்ன நட்சத்திரம். பிறந்த வருடம்.

நான் பட்டியல் போட்ட மூன்று நாளும் இதே இடத்தில் இதே போல உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முகத்துக்கு ஒரு முழம் தள்ளி எழுபத்திரண்டு பேரின் பெயரும் பிறந்த தேதியும் வருடமும் தொங்கின. நான் அதைப் பெயர்களாகவே பார்க்கவில்லை. அது கழிப்பறைச் சுவர். எந்தக் கழிப்பறையிலும் இருப்பது.

நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தை நவம்பருக்குத் திருப்பி வைத்தேன். கையைக் கழுவினேன். கவுண்டருக்கு வந்து, கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினேன். எனக்கும் அவனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவன் வேறு யாராவதாக இருக்கலாம். சும்மா பக்கம் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானே அடுத்தவர் வீட்டில் புரட்டியிருக்கிறேன். இப்படிப் பதினைந்து, இருபது நிமிடம் போனது. நாளை புதன் என்பது நினைவுக்கு வந்தபோது வெளியே நன்றாக இருட்டியிருந்தது.

கார்லெய்னின் எண் என்னிடம் இல்லை. கம்ப்யூட்டரில் இல்லை. துண்டுச் சீட்டில் இல்லை. நான் அவ்வளவு கவனமாக வேலை செய்திருந்தேன். எண் உறைக்குள், உறை அலமாரிக்குள், சாவி ஃபென்னாவின் கழுத்தில், ஃபென்னா தண்ணீருக்குள். அவள் போனுக்கு ஏழு தடவை அடித்தேன். அது எங்கோ ஒரு லாக்கரில் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

பழைய பலகைகளைப் பெயர்க்க வைத்திருந்த கடப்பாரையை எடுத்து வந்தேன். நோட்டரியின் அலமாரி நாலு நிமிடம் தாக்குப்பிடித்தது.

கார்லெய்ன் மூன்றாவது மணியில் எடுத்தாள். "ம்," என்றாள். பெயர் சொல்லவில்லை.

"ஏறுற கூடத்துல இருந்து யெல்மர் பேசுறேன்."

"என்ன ஆச்சு? அவ இங்கதானே இருக்கா."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. இன்னைக்கு ஒரு ஆள் வந்தாரு."

அடுப்பில் ஏதோ வதங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"என்ன கேட்டாரு?"

"குழந்தைங்க என்னைக்கு வருவாங்கன்னு. ஒன்பது வயசுப் பொண்ணுங்க இருக்காங்களான்னு. நான் ஒண்ணும் சொல்லல. அப்புறம் டாய்லெட் போனாரு."

"கை துடைச்ச பேப்பரை என்ன பண்ணாரு?"

"என்னது?"

"யெல்மர். கை துடைச்ச பேப்பர்."

"நாலா மடிச்சு... பேசின் மேல வச்சிருந்தாரு."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அங்க காலண்டர்ல அவ பேர் இருந்துச்சு," என்றேன். "மார்ச் பக்கம் திறந்து கிடந்துச்சு. தப்பு என்னோடது. நான் போட்ட பட்டியல்ல அது இல்ல. எனக்குத் தோணவே இல்ல."

"எனக்கும் தோணல."

"இதுல உங்க தப்பு என்ன..."

"நான் அதைப் பாத்தேன், யெல்மர். ஒவ்வொரு புதன்கிழமையும் அதுக்கு எதிர்லதான் உக்காந்தேன். ஒரு வருஷத்துக்கு மேலா அவ பேர் எங்கயும் இல்ல. பள்ளிக்கூடக் கதவுல இல்ல, தபால் பெட்டியில இல்ல. அங்க இருந்துச்சு. நட்சத்திரம் வேற போட்டிருந்தாங்க. நான் சந்தோஷப்பட்டேன்." குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. "எங்க வீட்டுலயும் டாய்லெட்லதான் தொங்கும். அவனுக்கு எங்க பாக்கணும்னு தெரியும்."

நான் கடப்பாரையைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"வடக்குல எத்தனை ஏறுற கூடம் இருக்கு?" என்று கேட்டாள்.

"ஏழு. எட்டு இருக்கலாம்."

"ஒண்ணொண்ணா போயிருக்கான். அவளால ஏறாம இருக்க முடியாதுன்னு அவனுக்குத் தெரியும். பெண்கள் காப்பகத்துல என்கிட்ட சொன்னாங்க, ஏறுறது மட்டும் வேண்டாம்னு. மூணு மாசம் தாக்குப்பிடிச்சேன். வீட்டுல கதவு நிலையில எல்லாம் ஏற ஆரம்பிச்சா. சரின்னு கூட்டிட்டு வந்தேன்."

"அடுத்த ஊர்ல..."

"அடுத்த ஊர்ல ஏற மாட்டா."

பின்னாலிருந்து குழந்தையின் குரல் கேட்டது. "யாரும்மா? யெல்மரா? நாளைக்கு நான் சிவப்பை முடிக்கப் போறேன்னு சொல்லு. கேமரா வச்சுக்கச் சொல்லு."

"சொல்றேன்," என்றாள் கார்லெய்ன், என்னிடம் அல்ல. இணைப்பு அறுந்தது.

ஃபென்னா ஈரத் தலையோடு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். பிறகு கடப்பாரையை.

"எவன் உடைச்சது?"

"நான்."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? அலமாரி வாங்கச் சொன்னவனே நீதானேடா."

சொன்னேன். அவள் கோட்டைக் கழற்றாமலே கேட்டாள். பாதியில் குறுக்கிட்டாள். "ஏதாவது குழந்தை திருப்பியிருக்கும். போன் பண்ணி அந்தப் பொண்ணைப் பயமுறுத்திட்டியா?"

"இன்னைக்குச் செவ்வாய், ஃபென்னா. குழந்தைங்க வரல."

"காத்துல திரும்பியிருக்கும்."

"எட்டு பக்கமா?"

அவள் கழிப்பறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு காலண்டரைப் பார்த்தாள். அவள் முதுகிலிருந்து குளோரின் வாடை வந்தது.

"எட்டு வருஷம். ஒரு பிறந்தநாளைக்கூட விட்டதில்ல," என்றாள். "நான் கெட்டது எதுவும் பண்ணலியே."

"யாரும் அப்படிச் சொல்லல."

"நீ சொல்லாம நிக்கிறது அப்படித்தான் இருக்கு." ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டாள். "இதைக் கிழிக்கிற மெஷின்ல போடாத. நானே கிழிக்கிறேன்."

மறுநாள் காலை காவல்துறையில் பேசினேன். குறித்துக்கொண்டார்கள். அந்தத் தாயையும் மகளையும் அவன் நெருங்கக் கூடாது என்று ஏற்கெனவே தடை இருக்கிறதாம். ஆனால் அவர்கள் இல்லாத இடத்துக்கு அவன் வருவதை யாரும் தடுக்க முடியாதாம். அவர்கள் அங்கே வருகிறார்களா என்று கேட்டார்கள். "இனி வர மாட்டாங்க," என்றேன். அப்படியானால் சிக்கல் இல்லையே என்றார்கள்.

ஒன்றே முக்காலுக்கு அவன் வந்தான். ஷூவைத் துடைத்தான். ஜன்னலோர மேசையில் கதவைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து காப்பி கேட்டான். குழந்தைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அவன் தலை திரும்பியது. கோபமாக இல்லை. ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் பலகையைப் பார்ப்பார்களே, அப்படி.

ஃபென்னா என் காதருகே வந்தாள். "வெளிய போடான்னு சொல்லட்டுமா? சொல்றேன் பாரு. அவன் கோட்டுல கொதிக்கிற பட்டாணி சூப்பைக் கொட்டறேன்."

"கொட்டினா அவங்க இங்கதான் வந்தாங்கன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்."

"அவனுக்குத்தான் தெரியுமே."

"வேற ஸ்டெர்ரெவா இருக்கலாம்னு இன்னும் அவனுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கும். அந்தக் கொஞ்சம்தான் நம்மகிட்ட மிச்சம்."

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "கொண்டு போய்க் குடு உன் காப்பியை," என்றாள். நான் பிஸ்கட் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லோருக்கும் அப்படித்தான் கொடுப்போம். நாலு மணி வரை உட்கார்ந்திருந்தான்.

அந்த வாரமே நான் பட்டியலைத் திருத்தினேன். விவரக் கசிவு நடந்தால் எழுத்தில் வைக்க வேண்டும். விவரப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தேன். பட்டியலில் நாலு பத்தி. என்ன விவரம், எங்கே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், எதற்காக வைத்திருக்கிறோம். முதல் மூன்றையும் நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, வருடம். கழிப்பறைச் சுவர். எல்லோரும். நாலாவது பத்தியில் பேனா நின்றது.

"எதுக்காக வச்சிருந்தோம்னு கேக்குது," என்றேன்.

ஃபென்னா கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "பிறந்தநாளுக்குக் கை குடுக்கறதுக்குன்னு எழுது."

எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. பெயர் குறிப்பிடாத ஒரு கட்சிக்காரர் சார்பில், தாய், மகள் இருவரைப் பற்றி எங்களிடம் உள்ள எல்லா விவரங்களையும் அழித்துவிட்டு எழுத்தில் உறுதி செய்யும்படி கேட்டிருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பது அதிலிருந்துதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கே என்று கேட்க முடியாது. கேட்டால் அது இன்னொரு விவரம்.

படிவத்தைக் கிழித்தேன். காகித மாலை நாற்காலியில் எடுத்த படம் ஒன்று ஃபென்னாவின் போனில் இருந்தது. அவளே அழித்தாள், எனக்குக் காட்டிவிட்டு. பிறகு குழந்தைகள் காலணி வைக்கும் அடுக்கில் ஸ்டெர்ரெவின் ஏறும் காலணி அகப்பட்டது. முப்பத்திரண்டாம் அளவு, பெருவிரல் பக்கம் ரப்பர் தேய்ந்திருந்தது. காலணி நாக்கின் உள்பக்கம் அழியாத மையில் பெயர். அனுப்பி வைக்க முகவரி இல்லை. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. கத்தரிக்கோலால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, காலணியை வாடகைக்குக் கொடுக்கும் வரிசையில் வைத்தேன். எல்லாம் அழிக்கப்பட்டன என்று வழக்கறிஞருக்கு எழுதி, ஃபென்னாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

அவன் அடுத்த புதனும் வந்தான். அதற்கடுத்த புதனும் வந்தான். மூன்றாவது புதன் காப்பியை முடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனான். சீக்கிரமே திரும்பினான். பணம் கொடுக்கக் கவுண்டருக்கு வந்து நின்றான்.

"உள்ள ஒரு காலண்டர் இருந்துச்சே."

"எடுத்துட்டோம்."

"ஐயோ பாவம். எவ்வளவு அழகா எழுதியிருந்தாங்க." சுவர் பக்கம் பார்த்தான். சிவப்பு வழியில் யாரோ ஒரு குழந்தை தொங்கிக்கொண்டிருந்தது. "அதுல என் பொண்ணு பேர் இருந்துச்சு."

அவன் கண் சிவந்திருந்தது. அது அழுகையா, தூக்கம் இல்லாததா என்று நான் ஆராயவில்லை.

"யார் வர்றாங்க, யார் வரலன்னு நாங்க சொல்றதில்ல சார்," என்றேன்.

"தெரியும். முதல் நாளே தெளிவா சொன்னீங்க."

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனான். மேசையில் கோப்பை இருந்தது. பக்கத்தில் வாய் துடைத்த காகிதம், நாலாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து. பிஸ்கட்டைத் தொடவில்லை.

நான் கோப்பையைக் கழுவினேன்.